பேராசைக்கு எத்தனை மார்க்?

ராத்திரி பதினொன்றரை மணி. என் ஷார்ட்ஸ்டாப் பதில் அனுப்பியிருக்கிறான். ஏழு வருஷ ஒப்பந்தம் வேண்டுமாம். வருஷத்துக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர். கொடுத்தால் இருப்பானாம், இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் வெளியே போய் விலை பார்ப்பானாம்.

‘நன்றி கெட்ட பயல்!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பதினெட்டு வயசில் தேடிப் பிடித்து, மைனர் லீகில் வருஷக்கணக்கில் ஆட விட்டு, ஆளாக்கியது யார்? நான்தானே! என் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஒரே ஒரு சின்னச் சிக்கல்... அப்படி ஒரு பையன் கிடையாது. அவன் என் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில எண்கள், அவ்வளவுதான்.

விளையாட்டின் பெயர் ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’. மார்கஸ் ஹைன்சோன் என்பவர் 1999-ல் வெளியிட்டது. அமெரிக்கர்களின் உயிர்மூச்சான பேஸ்பாலை இத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்டு வடித்தவர் ஒரு ஜெர்மனிக்காரர் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சர்யம்தான். இதில் நீங்கள் மட்டையைத் தொடப் போவதில்லை. நீங்கள் அணியின் ஜெனரல் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எத்தனை சம்பளம் என்பதுதான் ஆட்டம். அதனால், ‘பேஸ்பால் விதிகள் தெரியாதே சார்’ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். சம்பளப் பேச்சு தெரிந்தால் போதும். அது தெரியாத ஆள் யார்?

நிஜ பேஸ்பாலின் விதி இதுதான். மேஜர் லீகில் ஒருவன் ஆறு வருஷ சர்வீஸ் முடிக்கும்வரை முதல் அணிக்குக் கட்டுப்பட்டவன். முதல் மூன்று வருஷம் கிட்டத்தட்ட அணி சொல்வதுதான் சம்பளம். 2025-ல் குறைந்தபட்சம் 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அடுத்த மூன்று வருஷம் பஞ்சாயத்து வைத்துத் தீர்மானிப்பார்கள். ஆறு முடிந்தால் அவன் ‘ஃப்ரீ ஏஜென்ட்’. யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். அந்த ஆறு முடிவதற்குள் அவனை மடக்கி, நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இந்த ‘எக்ஸ்டென்ஷன்’ பேச்சுவார்த்தைதான் விளையாட்டின் உயிர்நாடி. மற்றதெல்லாம் அலங்காரம்!

ஏன் அத்தனை சுவாரஸ்யம்? தப்பாகப் போக அத்தனை வழிகள் இருப்பதால்தான். ரயன் ஹோவர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்பியா ஃபில்லீஸின் ஹோம் ரன் இயந்திரம். 2006-ல் மட்டும் 58. பழைய ஒப்பந்தம் 2011 வரை இருக்கும்போதே, 2010 ஏப்ரலில் அவசர அவசரமாக இன்னும் ஐந்து வருஷத்துக்கு 12.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். புது ஒப்பந்தம் 2012-ல்தான் ஆரம்பம். 2011 அக்டோபரில், பிளே-ஆஃபில் அணி வெளியேறிய ஆட்டத்தின் கடைசிப் பந்தை அடித்துவிட்டு ஓடினார் ஹோவர்ட். குதிகால் நரம்பு அறுந்து மைதானத்திலேயே விழுந்தார். புது சம்பளத்தின் முதல் டாலர் கைக்கு வரும் முன்பே! அதற்கப்புறம் ஐந்து சீசனில் ஒன்றில்கூட 30 ஹோம் ரன்னை எட்டவில்லை.

இந்த பயத்தை ‘அவுட் ஆஃப் தி பார்க்’ அப்படியே உங்கள் வயிற்றில் இறக்குகிறது. ஸ்கவுட் தரும் மதிப்பெண் தப்பாக இருக்கலாம். முப்பது தாண்டினால் கால் ஓடாது. ஆனால் அவனை விட்டால் ரசிகர் கூட்டம் குறையும். நான் படித்தது பி.காம். தேய்மானக் கணக்கு என்று ஒரு பாடம் உண்டு. இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்த விளையாட்டை ஆடும்போது அந்தப் பாடம்தான் ஞாபகம் வருகிறது. தமாஷ் இல்லை... அமெரிக்காவில் அணியை வாங்கிய முதலாளிகள் வீரர்களின் ஒப்பந்தத்துக்கு நிஜமாகவே தேய்மானம் போட்டு வரியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பில் வீக் என்ற பலே முதலாளி பிரபலப்படுத்திய உத்தி அது.

இதுவரை பாராட்டு. இனி என் சண்டை.

விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் குணநலப் பட்டியல் உண்டு. விசுவாசம், உழைப்பு, புத்திசாலித்தனம், ஜெயிக்கும் ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். அதில் பணம் சம்பந்தப்பட்ட கட்டத்துக்குப் பழைய பதிப்புகளில் வைத்திருந்த பெயர் ‘க்ரீட்’. அதாவது, பேராசை! பிற்பாடு ‘ஃபைனான்ஷியல் ஆம்பிஷன்’ என்று நாகரிகமாக மாற்றினார்கள். சரி, முதலாளிக்கு? அவருக்கும் குணம் உண்டு. கை இறுக்கமான முதலாளிக்கு ‘எகனமைசர்’, சிக்கனக்காரர் என்று பட்டம். கஞ்சன் என்றும் ஒரு ரகம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால், பேராசை என்ற வார்த்தை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சம்பளம் கேட்டவன் பேராசைக்காரன், கொடுக்காதவர் சிக்கனக்காரர். எந்த ஆபீஸில் கேட்ட மாதிரி இருக்கிறது?

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. அட்லாண்டா பிரேவ்ஸின் ஆசி ஆல்பீஸ், 2019 ஏப்ரலில் ஏழு வருஷத்துக்கு 3.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் தரத்துக்கு அடிமாட்டு விலை என்று விமர்சகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். குடும்பம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஒப்புக்கொண்டதாக ஆல்பீஸ் சொன்னார். மாறாக, ஹுவான் ஸோட்டோ. 2022-ல் வாஷிங்டன் அணி 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் நீட்டியபோது வேண்டாம் என்றார். உடனே சான்டியாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அசரவில்லை மனிதர். 2024 டிசம்பரில் ஃப்ரீ ஏஜென்டாக நியூயார்க் மெட்ஸிடம் வாங்கியது 76.5 கோடி!

விளையாட்டின் கட்டத்தில் இவர்களைப் போட்டால் என்ன ஆகும்? முதல்வருக்கு விசுவாசம் அதிகம், ஆசை கம்மி. இரண்டாமவருக்கு நேர் எதிர். முடிந்தது கதை. ஒருவர் நாளைக்குக் காயம் பட்டால் என்ன ஆவோம் என்று பயந்தார், இன்னொருவர் அந்த பயத்தைத் தாங்கிக்கொண்டு இரண்டரை வருஷம் காத்திருந்தார் என்பதற்கெல்லாம் அங்கே கட்டம் கிடையாது. ஹோவர்டின் குதிகாலை நினைத்து நடுங்கும் வசதி மேனேஜரான எனக்கு மட்டும்தான். குதிகாலின் சொந்தக்காரனுக்கு இல்லை!

இந்த ‘வெளியே போய் விலை பார்க்கும்’ உரிமை வானத்திலிருந்து விழவில்லை. கர்ட் ஃப்ளட் என்று ஒருவர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பன்னிரண்டு வருஷம் ஆடியவர். 1969-ல் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்பியாவுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அப்போது ஃப்ரீ ஏஜென்டே கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் அணியின் சொத்து. வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலர் வாங்கிய மனிதர், ‘நான் வாங்கி விற்கிற பொருள் இல்லை’ என்கிற அர்த்தத்தில் கமிஷனருக்குக் கடிதம் எழுதி, கேஸ் போட்டார். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டில் 5-3 என்று தோற்றார். ஆட்ட வாழ்க்கை அதோடு போச்சு. 1975 டிசம்பரில் பீட்டர் ஸைட்ஸ் என்ற நடுவர், வேறு இரண்டு வீரர்களின் வழக்கில் அந்தச் சங்கிலியை அறுத்தார். முதலாளிகள் செய்த முதல் வேலை, ஸைட்ஸை வேலையை விட்டுத் தூக்கியது!

ஆறு வருஷக் கணக்கு அதற்குப் பிறகு வந்த சமரசம். இங்கே ஒரு வேடிக்கை. சார்லி ஃபின்லி என்ற முதலாளி, எல்லா வீரர்களையும் வருஷா வருஷம் விடுவித்துவிடலாம் என்றார். சந்தையில் சரக்கு குவிந்தால் விலை தானாக விழும் என்ற கணக்கு. மற்ற முதலாளிகள் அவரைக் கிறுக்கன் என்று ஒதுக்கினார்கள். இந்த யோசனைக்கு உள்ளூர பயந்தது வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர்தான். பி.காம். முதல் வருஷப் பாடம் சார் இது! அத்தனை கோடீஸ்வரர்களில் ஒருத்தருக்குத்தான் புரிந்திருக்கிறது.

ஆன்லைன் லீகில் இந்த முரண் இன்னும் பளிச்சென்று தெரியும். முப்பது அணிக்கு முப்பது மனிதர்கள், ஆளுக்கு ஒரு ஊர். நம் கட்டளைகளை ஒரு கோப்பாக அனுப்பினால், லீக் நடத்துகிறவர் எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டங்களை ஓட்டிவிட்டுப் புதிய கோப்பைத் திருப்பி அனுப்புவார். முப்பது பேரும் மேனேஜர்கள். வீரன் பக்கம் உட்கார ஒரே ஒரு நாற்காலிகூட இல்லை. கம்ப்யூட்டர் வீரனை ஏமாற்றும் ஒப்பந்த வித்தைகளும் சீக்கிரம் பழகிவிடும். கடைசி வருஷங்களை அணி இஷ்டப்பட்டால் ரத்து செய்யலாம் என்று நுழைப்பது அதில் ஒன்று. அதனால், சில லீக்குகளில் ‘இத்தனைக்கு மேல் கூடாது’ என்று சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இல்லாத வீரர்களைக் காப்பாற்ற இருக்கிற மனிதர்கள் போட்ட சட்டம்! நிஜ முதலாளிகள் 1980-களில் கூட்டு சேர்ந்து ஃப்ரீ ஏஜென்ட்களை விலை கேட்காமலே புறக்கணித்து, பிடிபட்டு, 28 கோடி டாலர் தண்டம் கட்டியவர்கள். எங்கள் லீக் எவ்வளவோ தேவலை.

ஹைன்சோனின் ஆட்கள் எத்தனையோ சேர்த்துவிட்டார்கள். பழைய நூற்றாண்டு சீசன்களைக்கூட முதலிலிருந்து ஆடலாம். ஒரு பதிப்பிலாவது என்னை அந்த ஷார்ட்ஸ்டாப்பின் ஏஜென்டாக உட்கார வைத்தால், இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்கத் தயார்.

அவனுக்கு ஐந்து வருஷம், 2 கோடியே 10 லட்சம் என்று எழுதிக் கோப்பை அனுப்பியிருக்கிறேன். அவன் விசுவாசம் நல்ல மார்க்தான், சம்மதிப்பான் என்றுதான் நினைக்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி பதில் வரும்.