முதல் செருப்பு: வீடு மாறி வந்த நாயை ரசிப்பது எப்படி?

"ரொம்ப சாதுங்க. வந்ததிலேர்ந்து ஒரு சத்தம் கிடையாது." வளர்ந்த நாயை வேறொரு வீட்டிலிருந்து கூட்டிவந்தவர்கள் முதல் வாரத்தில் இப்படிப் பெருமையாகச் சொல்வார்கள். பெரியவர் தவறிவிட்டார், மகனோடு அமெரிக்கா போகிறோம், புது அபார்ட்மென்ட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்... ஏதோ ஒரு காரணத்துக்காக நான்கைந்து வயதில் கைமாறும் லாப்ரடாருக்கோ நாட்டு நாய்க்கோ அந்த வாரம் முழுக்க அடிவயிற்றில் பயம். சத்தம் வராததற்கு அதுதான் காரணம். தான் எப்படிப்பட்ட நாய் என்பதை அது உங்களிடம் இன்னும் காட்டவே இல்லை. அந்த நிஜக் குணம் தவணை தவணையாக வெளியே வருவதைப் பார்ப்பது ஒரு தனி சுகம். குட்டியிலிருந்து வளர்ப்பவர்களுக்கு இது வாய்க்காது.

முதல் சில நாள் உற்றுப் பார்க்கவே கூடாது. அதே அறையில் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். எங்கே போய்ப் படுக்கிறது என்று மட்டும் ஓரக்கண்ணால் கவனியுங்கள். கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், மாடிப்படி வளைவில். முதுகுக்குச் சுவர் வேண்டும், வாசல் கண்ணில் படவேண்டும். அப்படி ஓர் இடமாகத்தான் தேடிப் பிடிக்கும். பகலில் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ராத்திரி வீடு அடங்கியபின் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்கும். எழுந்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் மட்டும், ஏக்கம்தான் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் காப்பகத்து நாய்களின் ரத்தத்தைப் பரிசோதித்து 1997-இல் ஓர் ஆய்வு வெளியானது. கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன், வந்து சேர்ந்த முதல் மூன்று நாளில்தான் மிக அதிகமாக இருந்தது. புது வீட்டுக்கு நாய் படிப்படியாகப் பழகுவதற்கு மீட்புக்காரர்கள் சொல்லும் 'மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்' கணக்கு ஆய்வில் பிறந்ததல்ல, அனுபவத்தில் வந்தது. குத்துமதிப்பாகச் சரிதான். ஆனால் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடுத்து, அதன் முகத்தைப் படிக்கப் பழக வேண்டும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். எதிரில் சாப்பாடே இல்லாமல் மூக்கை நக்கிக்கொள்ளும். கூப்பிட்டால் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வெள்ளை விழி தெரிய ஓரமாகப் பார்க்கும். திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். 'கொஞ்சம் விலகி இரு' என்கிறது. நார்வே பயிற்சியாளர் தூரிட் ரூகாஸ் இந்தச் சைகைகளைத் தொகுத்துப் புத்தகமே போட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது உதறல். விருந்தாளிகள் வந்து போகும்வரை விறைத்து நிற்கும். கேட் கொண்டி விழும் சத்தம் கேட்டதும், காதில் தொடங்கி வால் நுனிவரை, நனைந்த உடம்பை உதறுவதுபோல ஓர் உதறு. காதுகள் படபடவென்று அடிக்கும். 'அப்பாடா' என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

வாலில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. சொந்தக்காரரைப் பார்த்து ஆட்டும்போது வால் வலப்பக்கமாகச் சாய்கிறது, மிரட்டும் அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது என்று 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது நாய்க்குப் பின்னால் நின்று யாராவது போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும். முதல் வாரம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று எடுத்து அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், வால், காது எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி அதுதான். வந்த புதிதில் முன்னங்கால்களை நீட்டி, அதன்மேல் தாடையை வைத்து, எந்த நொடியும் எழுந்துவிடத் தயாராகப் படுக்கும். ஸ்பூன் விழுந்தால் கண் திறக்கும். பிறகு ஒருநாள் பக்கவாட்டில் சரிந்து, நாலு காலும் நீட்டிக் கிடக்கும். அப்போதுதான் கனவும் வரும்: மீசை துடிக்கும், பாதம் ஓடும், வாய் திறக்காமலே உள்ளுக்குள் ஒரு குட்டிக் குரைப்பு. இன்னும் சில வாரம் போனால் ஃபேனுக்கு நேர் கீழே, எல்லோரும் தாண்டிப் போகிற நடுக்கூடத்தில், மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு குறட்டை. சுவரும் வேண்டாம், வாசலும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டு ரசிக்க வேண்டாம். "என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்காது, பாத்ரூம் வாசல்ல வந்து உட்காருது" என்று பூரித்துப்போவோம். ஆரம்பத்தில் அதற்குப் பெயர் பாசமல்ல, பதற்றம். ஒரு தடவை ஆளைத் தொலைத்த நாய் இரண்டாம் தடவை தொலைக்கத் தயாராக இல்லை. நீங்கள் சமையலறைக்குப் போகும்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வராமல், மறுபடி படுத்துக்கொள்கிறதே, அன்றைக்குப் பூரித்துப் போங்கள்.

அப்புறம் வரும் சேட்டை. காஸ் சிலிண்டர்காரரைப் பார்த்து முதல் குரைப்பு. மேஜை மேலிருந்து பிஸ்கட் திருட்டு. புதுச் செருப்பில் பல் தடம். "திடீர்னு கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுக்க யோசிப்பவர்களும் உண்டு. கெட்டெல்லாம் போகவில்லை. இங்கே தப்புச் செய்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. செருப்பை உள்ளே எடுத்துவையுங்கள்; கை ஓங்கினால் இத்தனை வாரமும் வீண்.

பழையவர்களை மறந்துவிடுமா? மறக்காது. எங்கள் தெருவில் இப்படி வந்த ஒரு நாய் எந்த வண்டிக்கும் அசையாது; புல்லட் சத்தம் கேட்டால் மட்டும் காதை நிமிர்த்தி எழுந்து நிற்கும். ஜப்பானின் ஹச்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் உவேனோ 1925-இல் இறந்தபின், 1935-இல் தான் சாகும்வரை ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்த நாய். சினிமா பார்த்து அழுதவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஹச்சிகோவும் வீடு மாறிய நாய்தான். கைமாறிக் கடைசியில் உவேனோவின் பழைய தோட்டக்காரர் கோபயாஷியிடம் வளர்ந்தது. அங்கே சோறும் உண்டு, ஸ்டேஷனும் உண்டு. ஒரே நாய்க்குள் ஏக்கமும் புது வாழ்க்கையும் இரண்டும் இருக்க இடம் இருக்கிறது.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கு இப்படிக் கைமாறுவது தொழிலிலேயே உள்ளது. குட்டியில் ஒரு குடும்பம், பிறகு பயிற்சியாளர், அதன்பின் பார்வையற்ற உரிமையாளர். இத்தனை பிரிவுக்குப் பிறகும் கடைசி உரிமையாளரோடு அவை நெருக்கமாகவே ஒட்டிக்கொள்கின்றன என்று 2006-இல் ஓர் இத்தாலிய ஆய்வு சொன்னது. புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2001-இல் சொன்னது இன்னும் ஆச்சரியம்: காப்பகத்து நாயோடு ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை பழகினாலே அவரைத் தன் ஆளாக நினைக்கத் தொடங்கிவிடுகிறது.

நன்றாகப் பழகியபின் பழைய சொந்தக்காரர் பார்க்க வருகிறேன் என்றால் வரச்சொல்லுங்கள். ஊளையிடும், சுற்றிச் சுற்றி ஓடும், சந்தோஷத்தில் இரண்டு சொட்டு மூத்திரம்கூட விட்டுவிடும். பொறாமையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாருங்கள். இவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்கிற பிராணிதான் உங்களிடமும் வந்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் இருந்தபடி அவர் வீடியோ காலில் கூப்பிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். குரல் வரும், வாசனை வராது. போனின் பின்பக்கத்தை மோந்து பார்க்கும், பிறகு ஒவ்வோர் அறையாகத் தேடும். அவருக்கு வாரம் ஒரு போட்டோ அனுப்பினால் போதும்.