அறத்தொடு நிற்றல்: யார் பக்கம்?
தோழியின் பதின்வயது மகள் ஒருவனை விரும்புவது நமக்குத் தெரியவந்தால் தோழியிடம் சொல்லலாமா? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இது சின்னக் கேள்வியல்ல. தாய்க்கு எட்டியது தகப்பனுக்கும் அண்ணனுக்கும் எட்டும். செல்போன் பறிபோகும், படிப்பு நிற்கும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். பையன் வேறு சாதியென்றால் உயிரே போகலாம்.

சங்க அகமரபில் இப்படிச் சொல்வதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என்பது வரிசை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சுதான். வகுப்பில் அதன் 99 பூக்களை எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. தாயிடம் சொன்னால் பழியா என்று முதலில் கேட்பவள் தலைவி. அவள் மனமறிந்தே தோழி வாய்திறக்கிறாள். இந்த உறவை நாங்கள் இருவருமே ஆராய்ந்து முடிவுசெய்தோம் என்று பழியில் தானும் பங்கேற்கிறாள். இவ்விரண்டும் இல்லாத பேச்சு அலர்தான்.

ஆனாலும் அந்த வரிசை ஆண்களிடமே போய் முடிகிறது. மணத்தைத் தவிர வேறு முடிவு அதற்குத் தெரியாது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வேண்டியது மணமல்ல, வளர அவகாசம்.

ஆகவே முதலில் அவளிடமே பேசுவேன். மிரட்டலோ, மிக மூத்தவனின் பிடியோ இருந்தால் அவள் மறுத்தாலும் தாயிடம் சொல்வேன். சொல்லப்போவதை அவளிடம் முன்பே சொல்லிவிட்டு. பிறகு அந்த வீட்டில் அவள் பக்கம் நிற்கத் துணிவில்லாதவளுக்குச் சொல்லும் உரிமையும் இல்லை.