நடுவே வரைகிறவர்கள்

சித்திரத் தொடர் ஒன்று தொலைக்காட்சிக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆகிறது என்று கேட்டார் ஓர் இலக்கிய நண்பர். கேள்வியில் ஏளனம் இருந்தது. ஜப்பான்காரனால் வாரம் ஒன்று தர முடிகிறது, நமக்குத்தான் கற்பனை வறட்சி என்பது அவர் கட்சி. நான் திருப்பூர்க்காரன். கற்பனை போதாமல் ஒரு சரக்கு தாமதமாகி நான் பார்த்ததில்லை.

கணக்கு எளியது. திரையில் விநாடிக்கு 24 பிரேம்கள். ஒரு சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள். விளம்பரம் போக ஒரு பகுதி 22 நிமிஷம் என்றால் 15,840. எதுவும் அசையாத இடங்களைக் கழிக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து அசைந்தால் கூட்டவேண்டும். இதற்கெல்லாம் முன்பே கதை, ஸ்டோரிபோர்டு, குரல்பதிவு எல்லாம் முடிந்திருக்கவேண்டும். குரல் முதலில், உதடு பிறகு. வரைந்த பின் வசனத்தை மாற்றுவது, கட்டிங் போட்ட பின் பையர் அளவை மாற்றுகிற கதைதான்.

எண்ணிக்கை மட்டுமல்ல விஷயம். கை உயர்கிறது என்றால், அதன் தொடக்கத்தையும் முடிவையும் தலைமைக் கலைஞர் வரைகிறார். நடுவே வருவனவற்றை வரைவது வேறு யாரோ. அசைவு நிகழ்வதோ அந்த நடுவில்தான். எங்கள் பனியன் கம்பெனிகளில் கைமடி என்றொரு வேலை உண்டு. டெய்லருக்குத் துண்டுகளை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை மடிப்பது, அடுக்குவது. கைமடி ஒருநாள் வராவிட்டால் மெஷின் நிற்கும். இந்த வேலையைப் பற்றிப் பேச நம் விமர்சனத்திடம் வார்த்தை இல்லை. தலைமைக் கலைஞரின் கோட்டைப் பற்றிப் பேச ஏராளமாக இருக்கிறது.

ஜப்பானுக்கு வருவோம். 1963 ஜனவரி 1 அன்று ஒஸாமு தெஸூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடங்கியது. வாரம் ஒரு பகுதி எப்படிச் சாத்தியமாயிற்று? ஒரு சித்திரம் மூன்று பிரேம்களுக்கு நின்றது. முகம் அப்படியே இருக்க வாய் மட்டும் அசைந்தது. வரைந்தவற்றைச் சேமித்து வைத்து மறுபடி மறுபடி எடுத்தார்கள். போதாமையிலிருந்து ஒரு நடை பிறந்தது. அதை நானும் ரசிக்கிறேன். ஆனால் தயாரிப்புச் செலவுக்கும் குறைந்த விலைக்கு அதை விற்றார் தெஸூகா. அந்த விலையே பின்னால் வந்தவர்களுக்கு அளவுகோலாகிவிட்டது. ஆர்டரைப் பிடிக்க ஏற்றுமதியாளர் இறக்குகிற விலை கடைசியில் எந்த பவர் டேபிளில் போய் இறங்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்கர்கள் இதை இன்னும் நேராகச் செய்தார்கள். 1989-ல் தொடங்கிய ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் கதையும் குரலும் அமெரிக்காவில். நடுச் சித்திரங்கள் தென் கொரியாவில், ஏகாம் என்கிற ஸ்டூடியோவில். 2010 அக்டோபரில் பாங்க்ஸி என்ற தெரு ஓவியர் அத்தொடரின் ஒரு பகுதிக்கு முகப்புக் காட்சி அமைத்தார். இருண்ட கூடத்தில் வரிசையாகக் குனிந்து வரைகிற பெண்கள், கீழ்த்தளத்தில் பொம்மைத் தயாரிப்பு. கூர்மையான கண்டனம். அந்தக் காட்சியையும் அதே ஏகாமில்தான் வரைந்தார்கள். கண்டனத்தைக்கூட ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

நம் நாட்டில் 1986-ல் தூர்தர்ஷன் சுத்தசத்வ பாசுவின் ‘காயப் ஆயா’ என்கிற சித்திரத் தொடரை ஒளிபரப்பியது. ஆகவே முடியாது என்பதில்லை. தமிழில் 2007-ல் சுட்டி டிவி வந்தது. டோரா தமிழ் பேசினாள். குழந்தைகள் மகிழ்ந்தார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் டப்பிங் என்பது திருப்பூர் செய்வதன் தலைகீழ். இங்கே நாங்கள் தைக்கிறோம், லேபிள் வேறு ஊருடையது. அங்கே வேறு ஊரில் தைத்ததற்கு நம் லேபிள். குரலை மட்டும் மாற்றினால் போதும் என்கிற சரக்கின் விலையோடு, முதல் கோட்டிலிருந்து வரையவேண்டிய ஒரு தமிழ்த் தொடர் எப்படிப் போட்டியிடும்?

கணினி வந்துவிட்டதே என்றார் நண்பர். ‘கோச்சடையா’னில் நடிகர்களின் அசைவையே பதிவு செய்துகொண்டார்கள். பதிவு 2012-ல்; படம் வெளிவந்தது 2014 மே மாதம். அப்போதும் பொம்மை முகம் என்று சிரித்தோம், நானுந்தான். அந்த முகங்களுக்கு இன்னும் எத்தனை பேரின் எத்தனை நாள் உழைப்பு வேண்டியிருந்தது என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நண்பர் பாதி ஒப்புக்கொண்டார். மீதிப் பாதிக்கு இன்னும் கற்பனை வறட்சி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.