எழுத்தறிவுப் படமும் கைநாட்டு மனிதரும்

இலக்கிய விமர்சனம் கதை, கவிதை, நாடகம் என்ற எல்லைக்குள் அடங்கிவிட வேண்டுமென எவரும் விதி செய்து வைக்கவில்லை. மனிதனைப் பற்றிப் பேசுகின்ற எந்தப் படைப்பும் விமர்சனத்துக்கு உரியதே. அவ்வகையில், குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு வரையப்படும் எழுத்தறிவுப் படத்தையும் ஒரு படைப்பாகவே கருதி இங்கு ஆராயப் புகுகின்றோம். அதற்கும் ஓர் ஆசிரியன் உண்டு. ஒரு நோக்கு உண்டு. அது சொல்லியதும் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைநாட்டையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாகும். 1952இல் பேராதனையில் பல்கலைக்கழகம் குடியேறியது. அதன் பின்னணியில் எழும் ஹந்தானை மலையில் தேயிலைத் தோட்டமும் லயங்களும் இருக்கின்றன. பட்டமளிப்பு விழாவும் பெருவிரல் கைநாட்டும் இவ்வளவு அருகருகே வாழ்கின்ற இடம் நம் நாட்டில் வேறு அதிகமில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் பத்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 95.7 பேர் எழுத்தறிவுடையோர். ஆசியாவின் பல நாடுகள் ஏக்கத்தோடு நோக்கும் எண் இது. 1945இல் கன்னங்கரா அவர்கள் முன்னின்று நிலைநாட்டிய இலவசக் கல்வியும் அதன்வழி மக்கள் கண்ட விழிப்பும் இதற்கு அடிப்படை. இந்தச் சாதனையைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஆனால், அதே மதிப்பீடு மக்களை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்துக் காட்டும்போது, பெருந்தோட்டம் மற்ற இரண்டுக்கும் பின்னால் நிற்கின்றது. பெருந்தோட்டத்துக்குள்ளும் ஆணுக்குப் பின்னால் பெண் நிற்கிறாள்.

இந்த உண்மை படத்தில் எவ்வாறு மறைகின்றது என்பதைக் காண வேண்டும். கண்டி மாவட்டம் 20 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. படம் வரைவோர் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சராசரி கண்டு, அதற்கு ஏற்ற நிறத்தைத் தீட்டுகின்றனர். நாவலப்பிட்டியைச் சூழ்ந்த பஸ்பாகே கோறளை, பன்வில, தொலுவ, தெல்தோட்டை முதலிய பிரிவுகளில் கிராமமும் தோட்டமும் கலந்தே கிடக்கின்றன. கணக்குக்காக ஒரு பிரிவைக் கற்பனை செய்து கொள்வோம். அங்கே கிராமத்தில் 9,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் படித்தவர்கள். லயங்களில் 1,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 70 பேரே படித்தவர்கள். இருவரையும் சேர்த்தால் சராசரி நூற்றுக்கு 92.5 ஆகின்றது. பிரிவு முழுவதும் ஒரே நல்ல நிறம் பெறுகின்றது. லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாத 300 பேரும் அந்த நிறத்தின் அடியில் அமிழ்ந்து போகின்றனர். முதியோர் வகுப்பு நடத்த எங்கே ஆசிரியரை அனுப்புவது என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரி அந்தப் பிரிவைத் தாண்டிச் சென்றுவிடுவார். அவர்மீதும் பழி சொல்ல முடியாது.

நகரத்தின் நிலையும் இதுவே. கண்டி மாநகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழும் மகியாவை, நகரின் சராசரிக்குள் அடங்கிவிடுகின்றது. தலதா மாளிகையும் பெரிய கல்லூரிகளும் வங்கிகளும் தரும் ஒளியில் அந்தக் குடியிருப்பின் இருள் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. மேலும், வீதத்தை மட்டும் நோக்கினால் மற்றொரு மயக்கமும் நேரும். ஒரு நகரில் லட்சம் பேர் வாழ்ந்து, நூற்றுக்கு 95 பேர் படித்திருந்தால், படியாதோர் 5,000 பேர். ஒரு மலையில் 4,000 பேர் வாழ்ந்து, நூற்றுக்கு 75 பேர் படித்திருந்தால், படியாதோர் 1,000 பேர். முன்னதில் தொகை பெரிது; பின்னதில் பள்ளம் ஆழம். இரண்டையும் காட்டாத படம் பாதிப் படமே.

படத்தின் அடியிலுள்ள கேள்வியையும் நாம் ஆராய வேண்டும். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, “எழுத வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்கிறார். பெரும்பாலும் வீட்டுத் தலைவர் மற்ற எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். பரீட்சை எதுவும் இல்லை. கையொப்பம் இடத் தெரிந்த மனைவிக்கு, “தெரியும்” என்று கணவன் சொன்னால் அதுவே புள்ளிவிவரமாகின்றது. அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சிறு வாக்கியத்தைப் பொருளுணர்ந்து வாசிக்கவும் எழுதவும் வல்லவனே எழுத்தறிவுடையவன் என்று 1958இல் யுனெஸ்கோ வரையறுத்தது. அந்த அளவுகோலைக் கையிலெடுத்தால் நம் எண்கள் எவ்வளவு தாங்கும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் பத்து வயதிலிருந்து எண்ணும்போது சராசரி உயர்ந்து, முதியோரின் நிலை மேலும் மறைகின்றது என்பதையும் மறப்பதற்கில்லை.

இன்னுமொன்று. தமிழில் வாசிக்கத் தெரிந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி படத்தில் எழுத்தறிவுடையவளே. சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட பத்திரத்தோடு அவளை ஒரு காரியாலய மேசையின் முன் நிறுத்திவிட்டால் அவள் அந்தக் கணத்தில் கைநாட்டுக்காரியாகிறாள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டம் வந்த வேகத்தில் பத்திரம் வரவில்லை. இந்த அறியாமை யாருடையது, அவளுடையதா, மேசைக்கு அப்பால் இருப்பதினுடையதா?

காரணங்களைத் தேடுவோர் சிலர், “தோட்டத்து மக்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்று எளிதாகச் சொல்லி விடுகின்றனர். சரித்திரம் வேறு கதை கூறுகின்றது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். தோட்டத் துரைமார் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டுமென்ற சட்டம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஓர் ஆசிரியர், ஓர் அறை, அதிலே எல்லா வகுப்புகளும்! இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்துக்காக எந்த அரசியல்வாதி கவலைப்படுவான்? அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களில்தான். இன்று அறுபத்தைந்து வயதைக் கடந்து லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி, அந்த மாற்றம் வருமுன்னரே தம்பி தங்கையரைச் சுமந்தும் கொழுந்துக் கூடையைச் சுமந்தும் பள்ளிப் பருவத்தைக் கழித்துவிட்டாள். அவளுடைய கைநாட்டில் இந்தச் சட்டங்கள் அனைத்தும் பதிந்திருக்கின்றன.

எழுத்து அவளுக்கு அந்நியமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. அவள் முன்னோர் எழுத்தால் கட்டுண்டே வாழ்ந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிகள், இன்ன தோட்டம், இன்ன கூட்டம் என்று குறிக்கப்பட்ட தகர வில்லையைத் தரித்து வந்த காலமுண்டு. கடனைத் தீர்த்தால்தான் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாத நிலை 1921 வரை நீடித்தது. பிரட்டுக் களத்தில் பேர் பதியும் செக்ரோலும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை எழுதும் புத்தகமும் அவள் வயிற்றை நிர்ணயித்தன. முழுப் பேரா, அரைப் பேரா என்பதை எழுதியவன் அறிவான், உழைத்தவள் அறியாள். எழுத்தறிவின்மை நிறுவையில் இழந்த இறாத்தல், கூலியில் இழந்த சதம் என்ற உருவில் அவளை நாள்தோறும் வந்தடைந்தது.

இப்படத்தைக் குறை கூறும் நாம் நம் இலக்கியத்தையும் அதே தராசில் வைக்கக் கடமைப்பட்டவர்கள். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேச’னைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பே சரித்திர’த்தை வெளியிட்டதோடு, பள்ளிகள் அமைப்பதிலும் பெண் கல்வியிலும் முனைந்தார். எழுதுவதும் வாசகனை உருவாக்குவதும் ஒரே பணியின் இரு கைகள் என அவர் கண்டிருந்தார். மலையகத்தைப் பாடிய முதல் அச்சு நூல்களுள் ஒன்றான ‘கோப்பி கிருஷிக் கும்மி’ 1869இல் வெளியாயிற்று. அதை எழுதிய ஆபிரகாம் ஜோசப் தோட்டத்து உத்தியோகத்தர். உழைப்பவன் அங்கே ஏவலைக் கேட்பவனாகவே நிற்கிறான். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளரின் துயரை உலகறியச் செய்தவர். ஆயினும் அவருடைய புகழ்பெற்ற தேயிலைத் தோட்டக் கவிதை ஆங்கிலத்தில் பிறந்தது. அதன் நாயகர்கள் அதைத் தமிழில் காணவே காலம் பிடித்தது. தொழிலாளரின் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அதே சி. வி. என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1924இல் ‘தேசபக்த’னை நிறுவிய நடேசய்யரும், அவர் துணைவி மீனாட்சியம்மையும் வாசிக்கத் தெரியாதோரையும் தம் வாசகராகக் கொண்டனர். அம்மையார் தோட்டத்துக் கூட்டங்களில் பாட்டாகவே அரசியலைச் சொன்னார். இன்று நாம் வெளியிடும் மலையகக் கதைகளை லயத்தில் யார், யாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்?

“காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் உள்ள மக்களுக்கு எழுத்து ஒரு குறையா?” என்று வினவும் நண்பர்களும் உள்ளனர். அக்கலைகளின் செழுமையை நாமும் போற்றுகின்றோம். எழுத்தறியாதவன் அறிவிலி அல்லன். ஆனால், கூத்தில் ராஜா வேடமிட்டவன் மறுநாள் காலையில் வங்கியில் மை தடவிய பெருவிரலோடு நிற்கும்போது, அவன் கலையைப் புகழ்ந்துவிட்டு ஒதுங்கிச் செல்வது அன்பாகாது.

வழி இல்லாமல் இல்லை. 1961இல் கியூபாவில் இளைஞர்கள் மலைக் கிராமங்களுக்குச் சென்று தங்கி, ஒரே ஆண்டில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு எழுத்தைக் கற்பித்தனர். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று படியாதவரைக் கண்டறிந்தே வகுப்புகளைத் தொடங்கினர். 1990இல் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். இம்மூன்று இடங்களிலும் கணக்கெடுப்பு, கற்பித்தலின் முதற்படியாக அமைந்தது என்பது கவனத்துக்குரியது. எண்ணப்பட்டவனின் வீட்டுக்கு எண்ணியவர்கள் மீண்டும் சென்றனர்.

கண்டியின் எழுத்தறிவுப் படமும் அவ்வாறு திருத்தி வரையப்பட வேண்டும். பிரதேசச் சராசரியை விட்டு, தோட்டம் தோட்டமாக, டிவிசன் டிவிசனாக, ஆண் பெண் எனவும் வயது வாரியாகவும், தமிழில் எத்தனை பேர், சிங்களத்தில் எத்தனை பேர் எனவும் அது காட்ட வேண்டும். பேராதனை மாணவர்கள், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், தொழிற்சங்கங்கள், நம் எழுத்தாளர்கள் ஆகிய அனைவரும் இப்பணிக்கு உரியவர்கள். ஹந்தானை மலைக்கு ஏற அதிக நேரம் ஆகாது. அங்கே லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் கேள்வியை அவளையே நோக்கிக் கேட்போம். பதில் “தெரியாது” என்றிருந்தால், மறுநாள் சிலேட்டும் குச்சியுமாக நாம் திரும்பிச் செல்வோம். சென்ற மாதத்துச் சம்பளச் சீட்டிலேயே அவளுடைய முதற் பாடத்தைத் தொடங்கலாம்.