மூன்று பேரை எடுத்துவரும் பாட்டு

புதுச்சத்திரம், ராசிபுரம் பக்கத்து ஊர்களில் ராத்திரிக் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு ஆளைத் தொட்டு வந்தால் கைதட்டல். ஒரே பாட்டில், அதாவது ஒரே ரெய்டில், மூன்று பேரை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டால், மைக்கில் பேசுகிறவர் குரலே காதில் விழாது. புரோ கபடி லீகில் அதற்கு சூப்பர் ரெய்டு என்று பெயர். போனஸும் சேர்த்து மூன்று புள்ளியோ, அதற்கு மேலோ. சூப்பர் ரெய்டுக்காகக் கபடி ரசிகர் நினைவில் வைக்க ஓர் ஆண்டு உண்டென்றால் அது 2017.

தமிழ் தலைவாஸ் அணி அஜய் தாக்கூர் தலைமையில் முதன்முதலாக இறங்கிய சீசன் அது. ஆனாலும் அந்த சீசனே பர்தீப் நர்வாலுடையதாக இருந்தது. பாட்னா பைரேட்ஸ் அணிக்காக 369 ரெய்டு புள்ளிகள். சூப்பர் ரெய்டிலும் அவர்தான் முன்னால் நின்றார்.

'டுப்கி' என்று பெயர்பெற்ற அவருடைய முங்கலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கார்னர் ஆட்டக்காரர் கணுக்காலுக்குக் குறிவைத்துக் காத்திருக்கிறார். பக்கத்தில் இருவர் கைகோத்துச் சங்கிலியாக நெருங்குகிறார்கள். இந்த இடத்தில் வேறு ரெய்டராக இருந்தால் பின்வாங்கியிருப்பார். பர்தீப் அரை நொடி கூடுதலாக நிற்பார். கோத்த கைகள் நெஞ்சுயரத்துக்கு வந்ததும் முழங்கால் மடிந்து, நெஞ்சு தொடையில் படும் அளவுக்கு உடம்பு தாழும். கைகளுக்கு அடியில் புகுந்து வெளியே வரும்போது தோள் ஒருவர் மேல், முதுகு இன்னொருவர் மேல் உரசியிருக்கும். கணுக்காலைப் பிடித்தவரும் கூடவே இழுபடுவார். நீட்டிய விரல் கோட்டைத் தொட்டதும் மூவரும் அவுட். பிடிக்க எத்தனை கை வந்ததோ அத்தனை புள்ளி! அந்த அரை நொடிப் பொறுமையில்தான் ஆட்டத்தின் அழகெல்லாம் இருக்கிறது.

அதே சீசனின் எலிமினேட்டரில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக 34 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஒரு ரெய்டில் களத்திலிருந்த ஆறு பேரையும் வெளியேற்றி, ஆல்-அவுட்டுக்கான இரண்டையும் சேர்த்து எட்டு. பேசப்படுவது எப்போதும் அந்த எட்டுதான். எனக்கோ மூன்றே உயர்வு. ஆறு பேரும் ஒரே பாட்டில் போனால், அதில் பாதி தடுப்பு கலைந்துபோனதால் வந்தது. ஒழுங்காக வந்த சங்கிலியையும் சரியாக விழுந்த கணுக்கால் பிடியையும் மீறி எடுக்கும் மூன்றில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. ஏழு பேர் நின்ற இடத்தில் நால்வர் மிஞ்சுவார்கள். பத்து மீட்டர் அகலக் களம் சட்டென்று பெரிதாகத் தெரியும். ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் என்பதால் அடுத்து வருகிறவருக்குப் போனஸ் கிடையாது. இன்னொருவரும் போய் மூவரானால், பிடிப்பவர்களுக்கு சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி. மூன்று பேர் போன அந்த ஒரு பாட்டில் இரு பக்கத்துக் கணக்கும் மாறிவிடுகிறது.

அக்டோபர் 28 அன்று சென்னையில் நடந்த இறுதிப் போட்டியில் பாட்னா 55-38 என்று குஜராத்தை வென்றது. தொடர்ந்து மூன்றாவது கோப்பை.

நம் பக்கத்துப் பையன்கள் அந்த டுப்கியை மண்தரையில் செய்து பார்க்கிறார்கள். மேட் விரிப்பில் வழுக்கிப் போகிற உடம்பு மண்ணில் தேய்ந்துதான் போகும், தோல் உரியும். அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாவில் கபடி பார்க்க உட்கார்ந்தால், பாடி வருகிறவனின் கையைப் பார்க்காதீர்கள். முழங்காலைப் பாருங்கள்.