வளைகோட்டின் அழகும் வட்டத்தின் சாட்சியமும்

கணினியில் எழுத்துருக்களையும் பொருள்களின் வடிவங்களையும் அமைப்போரிடையே ஒரு கொள்கை செல்வாக்குப் பெற்றுள்ளது. குறித்த புள்ளிகள் வழியே செல்லும் கோடுகளுள், மிகக் குறைந்த ஆற்றலோடு வளைவதே மிகச் சீரானது என்பது அக்கொள்கை. இஃது எவ்வளவு தூரம் செல்லத்தக்கது என ஆராய்வது நம் நோக்கம்.

இதன் வேர் பட்டறையில் உள்ளது. கப்பல் கட்டுவோர் மெல்லிய மரப்பட்டையை ஈயக் கட்டிகளால் இருத்தி, அது தானாக ஏற்கும் வடிவைக் கோடாக வரைந்தனர். அப்பட்டை தன்னுள் தேங்கும் ஆற்றலை இயன்றவரை குறைத்துக்கொள்ளும். 1742இல் டேனியல் பெர்னூலி இக்கருத்தை ஆய்லருக்கு எழுதினார். 1744இல் ஆய்லர் இத்தகைய கோடுகளை வகைப்படுத்தி வெளியிட்டார். வளைவின் வர்க்கத்தைக் கோட்டின் நீளம் நெடுகக் கூட்டிப் பெறுவதே இந்த ஆற்றலின் அளவு.

இதன் எளிமையை நாம் மறுக்கவில்லை. எனினும் வட்டத்தை இதன்முன் நிறுத்திப் பார்ப்போம். வட்டத்தின் ஆரம் இருமடங்கானால் ஆற்றல் பாதியாகிறது. ஆகவே, நீளத்திற்கு வரம்பிடாவிடில் கோடு பெருத்துக்கொண்டே போக விழையும். அன்றியும், ஒரு வட்டத்தின் மீது சில புள்ளிகளை மட்டும் குறித்து அவற்றை இணைக்கச் சொன்னால், இவ்வளவுகோல் அந்த வட்டத்தைத் திருப்பித் தருவதில்லை. மிகச் சீரான வடிவத்தையே தவறவிடும் அளவுகோலை, சீர்மையின் இலக்கணமாக எங்ஙனம் ஏற்பது?

அரபு எழுத்தணிக் கலையை அறிந்தோர்க்கு இக்குறை சிறிதன்று. ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) மறைந்த பக்தாத் அமைச்சர் இப்னு முக்லாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அளவொழுங்கில், அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டமே அடிப்படை. நூன் அவ்வட்டத்தின் பாதி. ரா அதன் கால்பகுதி.

1992இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மோர்ட்டனும் செக்வினும் வேறோர் அளவுகோலை முன்வைத்தனர். வளைவைக் குறைப்பதை விட்டு, வளைவு இடத்துக்கிடம் மாறுவதைக் குறைத்தனர். வட்டத்தில் இம்மாற்றம் சுழி; எனவே வட்டம் தப்பிற்று. கணக்கீடு கடினமாயிற்று என்பதே இதன் விலை. இத்திருத்தம் பாராட்டுக்குரியது.

ஆயினும் இதுவும் இறுதி முடிவன்று. எழுத்தணிக் கலைஞர் கையில் நூன் தூய அரைவட்டமாக நிற்பதில்லை. கலமின் சரிந்த முனை கோட்டைத் தடிப்பாக்கியும் மெலிதாக்கியும் செல்கிறது. அகலமற்ற கோட்டின் கணிதத்துள் அது அடங்காது. அரபு எழுத்துருக்களை வடிவமைக்கும் நம் இளைஞர்கள், மென்பொருள் தரும் வளைவை ஏற்குமுன், அஃது எந்த அளவுகோலால் தெரிவு செய்யப்பட்டது எனக் கேட்டறிதல் வேண்டும். பின் அதனைத் தேர்ந்த கையெழுத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.