ஏற்புரைக்கு ஐந்து நிமிடம்

சென்னையில் அச்சாகும் நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழ்களுக்கு மாறாத இலக்கணம் ஒன்று உண்டு. வரவேற்புரைக்கு ஒருவர், தலைமைக்கு ஒருவர், நூலை வெளியிட ஒருவர், முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள ஒருவர் (சமயத்தில் மூவர்), வாழ்த்துரைக்கு இருவர், கருத்துரைக்கு மூவர், தொகுத்து வழங்க ஒருவர், நன்றி சொல்லப் பதிப்பகத்தார். இத்தனை பேருக்கும் கீழே, ஏற்புரை என்ற சொல்லுக்குப் பக்கத்தில், புத்தகத்தை எழுதியவர். மாலை 6 மணி என்று போட்டிருந்தால் ஆறரைக்குத் தொடங்கும். எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி ஒன்பதை நெருங்கியிருக்கும். அரங்கக் காவலாளி பின்வரிசை மின்விசிறிகளை நிறுத்தியிருப்பார். தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் போகவேண்டியவர்கள் எப்போதோ நழுவியிருப்பார்கள். “நேரமில்லாததால் சுருக்கமாக…” என்று அவர் தொடங்குவார்.

இதைக் கிண்டல் செய்யாதவர் இலக்கிய உலகில் யாரும் இல்லை. கிண்டல் செய்பவர்களே அடுத்த வாரக் கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. அப்படி வரவைப்பது எது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, கதவு திறந்திருக்கிறது. எழும்பூர் இக்சா மையம், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கு, கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், மயிலாப்பூர் கவிக்கோ மன்றம் என்று எங்கே நடந்தாலும் முன்பதிவு இல்லை, சீட்டு இல்லை, யார் நீ என்று கேட்பவர் இல்லை. ஊரிலிருந்து வேலை தேடி வந்து மேன்சனில் தங்கியிருக்கும் ஒரு இளைஞர் தான் படித்து வியந்த எழுத்தாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சமோசா சாப்பிடலாம். இவ்வளவு பெரிய ஊரில், இவ்வளவு சுலபமாக நுழையக்கூடிய இடங்கள் குறைவு. கோயிலிலேயே சிறப்பு தரிசனத்துக்கு வேறு வரிசை இருக்கிறது.

இரண்டாவது, கணக்கு. ஒரு காலத்தில் தமிழ் நூலின் முதல் பதிப்பு 1,000 அல்லது 1,200 பிரதி என்பது வழக்கமாக இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபிறகு கவிதைத் தொகுப்பென்றால் 200 அச்சிட்டுப் பார்ப்போம் என்கிறார்கள். அந்த 200-இல் வாசல் மேசையிலேயே 40 போய்விட்டால் ஐந்தில் ஒரு பங்கு அன்று மாலையே தீர்ந்தது. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு பதிப்பகத்துக்கு விழா ஆடம்பரம் அல்ல. கடைக்கு வராத புத்தகத்துக்கு அதுதான் கடை.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. நாளிதழ்களில் மதிப்புரைப் பக்கம் சுருங்கிவிட்டது. சிற்றிதழ்கள் மாதம் தவறாமல் வருவதே பெரிய செய்தி. இந்த நிலையில் புதிய எழுத்தாளரின் முதல் தொகுப்பை ஒரு மூத்தவர் கட்டாயமாகப் படித்தாக வேண்டிய சந்தர்ப்பம் இன்று வெளியீட்டு விழா ஒன்றுதான். கருத்துரை சொல்ல ஒப்புக்கொண்டவர் உண்மையிலேயே படித்து, நான்கு தாளில் எழுதிக்கொண்டு வந்து, எந்தக் கதையில் எந்தப் பத்தி நின்றது, எது சரிந்தது என்று சொல்லிக்கொண்டே போகும் மாலைகள் இருக்கின்றன. அந்தத் தாள்கள் பிறகு கட்டுரையாகிப் பத்திரிகையில் வரும். தமிழ் விமர்சனத்தின் கணிசமான பகுதி இப்போது மேடைக்காக எழுதப்பட்டதுதான்.

ஆனால் அதே மேடைதான் அந்த விமர்சனத்தின் வாயையும் கட்டுகிறது. நம் வெளியீட்டு விழா நடப்பது மொய் முறையில். இன்று என் புத்தகத்துக்கு நீங்கள் பேசினால் தை மாதம் உங்கள் புத்தகத்துக்கு நான் வந்தாக வேண்டும். நோட்டில் எழுதாவிட்டாலும் கணக்கு எல்லார் மனதிலும் இருக்கிறது. மொய்யைப் பழிக்க மாட்டேன். கையில் ஒன்றுமில்லாத வீட்டுக்கு ஒரு கல்யாணத்தை நடத்திக்கொடுப்பது அதுதான், பேர் தெரியாத எழுத்தாளருக்கு முதல் முதலீடும் அதுதான். ஆனால் மொய் எழுத வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி நாலு குறை சொல்ல முடியாது. அதனால்தான் சுமாரான நாவலுக்கும் “தமிழ் நாவல் வரலாற்றில் முக்கியமான வரவு” என்ற அதே வாக்கியம். படிக்காமல் வந்தவர் “வரும் வழியில் புரட்டிப் பார்த்தேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தன் இளமைக்காலத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். அதற்கும் கைதட்டு விழும். அவரை அழைத்தது படிப்பதற்காக அல்ல, அழைப்பிதழில் அவர் பெயர் இருந்தால் கூட்டம் வரும் என்பதற்காக. இதில் அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

மூன்று மணி நேரம் நடக்கும் கூட்டத்தில் எந்தப் புத்தகம் வெளியாகிறதோ அதிலிருந்து ஒரு பக்கம்கூட முழுதாக வாசிக்கப்படுவதில்லை. நம் வழக்கத்தின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். சால்வை போர்த்துகிறார்கள், நினைவுப் பரிசு கொடுக்கிறார்கள், புத்தகத்தின் வண்ணக் காகிதத்தைப் பிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அட்டையைக் காட்டுகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் யார் காதிலும் விழுவதில்லை.

இத்தனைக்கும் நூலை அவையில் வாசித்து வெளியிடுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களை எழுதியபோது கோயில்களில் நாளுக்குச் சில பாடல்களாக வாசித்துப் பொருள் விரித்து, வாரக்கணக்கில் அரங்கேற்றம் நடந்தது, உ.வே. சாமிநாதையரின் எழுத்துகளில் அந்தச் சூழலைப் பார்க்கலாம். அவையில் இருப்பவர் எழுந்து தடை சொல்லலாம். நூலாசிரியர் விடை சொல்லியாக வேண்டும். வாசிப்பும் கேள்வியும்தான் அரங்கேற்றம், பாராட்டு அதன் முடிவில் வருவது. இதைச் சொல்லிவிட்டுப் பழங்காலத்தைக் கொண்டாட நான் வரவில்லை. அந்த அவைக்குள் யார் உட்கார முடிந்தது, யாரால் வாசல்கூட மிதிக்க முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். இக்சா மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலி அந்த விதத்தில் மண்டபத்துத் தூணைவிட எவ்வளவோ மேல். ஆனால் கதவைத் திறந்த கையோடு நூலை வெளியே வைத்துவிட்டோம்.

ஏன் வாசிப்பதில்லை? கவிஞர்கள் வாசிக்கிறார்கள், கவியரங்கம் என்று அதற்கெனத் தனி மேடையே இருந்தது. உரைநடைக்காரர்களுக்குத்தான் கூச்சம். காரணம் நம் மேடையின் வரலாற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அண்ணா காலத்திலிருந்து தமிழ்ச் செவி பழகியது தாளில்லாமல் பொழியும் பேச்சுக்கு. “பார்த்துப் படிக்கிறார்” என்பது இங்கே இன்னும் ஒரு வசைதான். ஜெயகாந்தன் போலச் சிங்கக் குரல் வாய்த்தவர்களுக்கு இந்த மேடை பொருந்தியது. அசோகமித்திரன் போல மெல்லப் பேசுகிறவர்களுக்கு இதில் என்ன இடம்? சென்னையின் தெருக்களையும் தண்ணீர்க் கஷ்டத்தையும் அவ்வளவு துல்லியமாக எழுதியவரின் பலம் முழுக்க வாக்கியத்தில் இருந்தது, தொண்டையில் அல்ல. பேச்சை அளவுகோலாக வைத்தால் அப்படிப்பட்டவர்கள் எப்போதும் ஒரு படி கீழே நிற்பார்கள். வாசிப்பை வைத்தால் நிலைமை மாறும்.

வாசிப்பதும் ஒரு கலை, பயிற்சி வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் 1858-லிருந்து கட்டணம் வைத்துத் தன் கதைகளை ஊர் ஊராக வாசித்தார். மேடைக்கென்றே சுருக்கி, குறிப்பெழுதிய தனிப் பிரதிகள் வைத்திருந்தார். நம்மிடம் அதற்கான சரக்கு ஏராளம். கொங்கு வழக்கிலோ நாஞ்சில் வழக்கிலோ எழுதியவரே தன் பத்தியை வாசித்தால், அச்சில் தடுக்கிய சொற்கள் காதில் சரளமாக ஓடும். சென்னைக்காரருக்கு அது உரைநூலே இல்லாத விளக்கம். வேடிக்கை என்னவென்றால், தமிழ் நாவலாசிரியரை “இரண்டு பத்தி உங்கள் மொழியில் வாசியுங்கள்” என்று கேட்பது பெரும்பாலும் ஆங்கில இலக்கிய விழாக்கள்தான்.

இந்த வெற்றிடத்தை இப்போது கதைசொல்லிகள் நிரப்புகிறார்கள். பவா செல்லத்துரை ஒரு கதையைச் சொல்லக் கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனவர்கள் நிறைய. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் சொல்லப்படுவது கதை. எழுதியவரின் வாக்கியம் அல்ல. சம்பவமும் கண்ணீரும் வந்து சேர்கின்றன, நடை வந்து சேர்வதில்லை. சம்பவமே இல்லாமல் நடையால் மட்டும் நிற்கும் எழுத்தை, உதாரணத்துக்கு மௌனியை, எப்படிச் சொல்வது?

படிப்பை நடுவில் வைத்த கூட்டங்கள் இங்கே இல்லாமல் இல்லை. 1970-இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை பல பத்தாண்டுகள் செய்த வேலை எளிமையானது. அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படிப்பார், ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், ஏன் என்பதைக் கூட்டத்தில் சொல்வார். ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டு கதைகளும் வானதி பதிப்பக வெளியீடாக வரும். சால்வைக்கு அதில் பெரிய வேலை இல்லை. படித்தவர் மட்டுமே பேச முடியும் என்ற விதி அமைப்பிலேயே இருந்தது. சென்னைக்கு வெளியே, கோவையில் 2010-இல் ஆ. மாதவனுக்கு அளித்த விருதோடு தொடங்கிய விஷ்ணுபுரம் விழா இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்கே எழுத்தாளர் அரங்குகளில் வாசகர் கேட்க, எழுத்தாளர் பதில் சொல்கிறார். நூல்களைப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஜெயமோகன் என்ற ஒரே எழுத்தாளரின் வாசக வட்டத்தைச் சுற்றி அமைந்ததால் ரசனையும் ஓரளவு ஒரே திசையில் சாயும் என்பது அதன் குறை. ஆனாலும் கேள்வி நேரம் என்ற ஒன்றைச் சென்னை அங்கிருந்து கடன் வாங்கலாம். இங்கே “பார்வையாளர்கள் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கலாம்” என்று அறிவித்தால், எழுந்து நிற்பவர் பெரும்பாலும் தன் கவிதையைச் சொல்லவே நிற்கிறார்!

காசு வாங்கினால் சரியாகுமா? ஜெயமோகன் கட்டண உரைகள் நடத்தியிருக்கிறார், மக்கள் சீட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். கட்டணம் வைத்தால் பேசுபவர் தயாரித்து வருவார், கேட்பவர் நேரத்துக்கு வருவார், உண்மை. ஆனால் அது ஏற்கெனவே பேர் பெற்றவருக்கே சாத்தியம். முதல் புத்தகக்காரர் சீட்டு அடித்தால் அவர் வீட்டாரே வாங்க யோசிப்பார்கள். மறுபக்கம் இலவசத்தின் விளைவையும் பார்க்கலாம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது மாலைப் பேச்சைக் கேட்க வெளியரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு முடிந்ததும் காட்சிக்கு உள்ளே போகாமல் நேரே பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பவர்களும் அதில் உண்டு. உள்ளே கடைகளின் வாசலில் அதே நேரத்தில் ஐந்து நிமிட வெளியீடுகள் நடந்துகொண்டிருக்கும். நாலு பேர் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடிப்பார்கள், ஒரு படம், அடுத்த கடை. பேச்சே இல்லாத அந்த வெளியீடு ஒரு விதத்தில் நேர்மையானது என்பேன்.

லிட் ஃபார் லைஃப் போன்ற ஆங்கில விழாக்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. கடிகாரத்தை மதிப்பதையும், நெறியாள்பவர் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதையும் அவர்களிடம் கற்கலாம். நடிகரும் கிரிக்கெட் வீரரும் எழுத்தாளரைவிடக் கூட்டம் சேர்ப்பது அங்கேயும் இருக்கிறது.

கேமரா வந்தது வேறு வகை மாற்றம். ஸ்ருதி டி.வி. போன்ற யூடியூப் சேனல்கள் சென்னையின் இலக்கியக் கூட்டங்களைப் பதிவுசெய்து வைத்திருப்பது பெரிய சேவை. அறுபதுகளின், எழுபதுகளின் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்று நினைவுக் கட்டுரைகளில்தான் கிடைக்கிறது. இனி அப்படி இருக்காது. கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர் அன்றிரவே பார்க்கிறார். ஆனால் முன்வரிசையில் முக்காலி நிற்பது தெரிந்ததும் பேச்சாளரின் கண் அரங்கை விட்டுவிடுகிறது. முப்பது பேர் நடுவில் சொல்லியிருக்கக்கூடிய “இந்தக் கதை எனக்குச் சரியாக வரவில்லை” என்ற வாக்கியம், முப்பதாயிரம் பேர் பார்க்கக்கூடும் என்றதும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பேச்சு வாசலுக்கு வெளியே டீக்கடைக்கு இடம் மாறியிருக்கிறது. நல்ல விமர்சனம் பலவும் இப்போது பதிவாகாத இடத்தில்தான் நடக்கிறது. ஆனால் டீக்கடை ஒரு சிறு வட்டம். அதில் நின்று பேச எல்லாராலும் முடிவதில்லை.

யாரால் முடிவதில்லை என்பதற்கு அரங்கின் கடைசி அரை மணி நேரத்தைக் கவனித்தால் போதும். எட்டரை மணிக்குமேல் மிஞ்சியிருப்பவர்களில் பெண்களை விரல் விட்டு எண்ணலாம். மேடையில் ஒரு பெண் பெயர் இருக்க வேண்டும் என்பதை ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டோம். கீழே இருக்கும் வாசகி செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோ ஏறி வீடு போய்ச் சேரும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எழுத்தாளர் பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம்; அவர் தோழிகள் எல்லாரும் போனபிறகு ஏற்புரை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துப் பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். மாலையில் வராத முகங்கள் வருகின்றன, குழந்தையைக் கூட்டிக்கொண்டும் வருகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் பேச்சாளர் பட்டியலில் நாலு பெயர் தானாகக் குறைகிறது. நூலிலிருந்து பத்து நிமிடம் வாசிக்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான்.